அணுவுக்கு எடை கண்ட ஆசிரியர் ஜான் டால்டன்

நீர் ஒரு சேர்மம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனிமங்கள். தனிமத்தின் மிகச் சிறிய கூறு அணு. அணுக்கள் கூடுவதும் பிரிவதுமே வேதியியல் மாற்றம். இது இன்று பள்ளிச் சிறுவர் ஒரு வாரத்தில் கற்று முடிக்கும் பாடம். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைகிறார், அதை ஒட்டி இன்னும் இரண்டு சிறிய வட்டங்களை வரைகிறார், நீர் உருவாகிவிடுகிறது. மாணவனுக்கு அதில் வியப்பு ஏதும் தோன்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வட்டமாக வரைந்து காட்டலாம் என்னும் துணிவு முதலில் யாருக்கு வந்தது என்று அவன் கேட்பதுமில்லை.

அணு என்னும் எண்ணம் மிகப் பழமையானது. கிரேக்கத்தில் டெமாக்கிரிட்டஸ் அதைப் பேசினார். நம் நாட்டில் வைசேடிகர் பேசினர். தமிழில் மணிமேகலைக் காப்பியம் ஆசீவகரின் அணுக்கொள்கையை எடுத்துரைக்கிறது. ஆயினும் அவர்கள் கண்ட அணு, சிந்தனையில் பிறந்து சிந்தனையிலேயே நின்ற அணு. ஒரு பொருளின் அணு மற்றொரு பொருளின் அணுவைவிட எத்தனை மடங்கு கனமானது என்னும் வினாவை எழுப்பி, சோதனையின் வழியே அதற்கு எண்ணால் விடை சொல்ல முற்பட்டவர் ஜான் டால்டன். அவர் பெரும் பல்கலைக்கழகம் எதிலும் படித்தவர் அல்லர். செல்வர் வீட்டுப் பிள்ளையும் அல்லர். பன்னிரண்டாம் வயதில் தொடங்கி எழுபது வயது வரை பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவர். அவருடைய கொள்கையின் வலிமை, குறை இரண்டிலுமே அந்த ஆசிரியத் தொழிலின் சாயல் படிந்திருக்கிறது.

பன்னிரண்டு வயது ஆசிரியர்

இங்கிலாந்தின் வடமேற்குக் கோடியில், கம்பர்லாந்துப் பகுதியில், ஈகிள்ஸ்பீல்ட் என்னும் சிற்றூரில் 1766ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் டால்டன் பிறந்தார். தந்தை ஜோசப் ஒரு நெசவாளி. குடும்பம் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தது. ஆடம்பரத்தை விலக்கி, எளிய உடை உடுத்தி, போர்க்கருவி தொடாது வாழ்வதே அச்சமயத்தார் கொண்ட நெறி. தம் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்பதிலும் அவர்கள் உறுதியாக இருந்தனர். நெசவாளி வீட்டுப் பிள்ளை கல்வி பெற்றது அந்த உறுதியால்தான்.

ஊருக்கு அருகிலிருந்த குவேக்கர் பள்ளியில் ஜான் பிளெட்சர் என்பவரிடம் அவர் பயின்றார். அதே பகுதியில் எலிஹூ ராபின்சன் என்னும் வசதி படைத்த குவேக்கர் வாழ்ந்தார். கருவிகளைத் தம் கையாலேயே செய்து, காற்றையும் மழையையும் அளந்து குறித்துவந்தவர் அவர். சிறுவனின் கூர்மையைக் கண்டு மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். டால்டனின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த வானிலை ஆர்வத்துக்கு வித்திட்டவரும் அவரே.

1778ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதில், டால்டன் தம் சொந்த ஊரிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாணவர்களுள் சிலர் சின்னஞ்சிறார். சிலர் ஆசிரியரைவிட மூத்தவர்கள். கண்டித்த ஆசிரியரைச் சண்டைக்கு அழைத்த மாணவர்களும் உண்டு என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. வருவாய் மிகச் சொற்பம். இரண்டு ஆண்டுகள் போல் நடந்து அந்தப் பள்ளி முடிவுற்றது. சிறுவன் வயல் வேலைக்குத் திரும்பினான். ஆனால் ஒன்றைத் தான் அறிந்திருப்பது வேறு, அதைப் பிறர் அறியச் செய்வது வேறு என்னும் பாடத்தைத் தம் வயதை ஒத்தவர்கள் நடுவே நின்று கற்றுக்கொண்ட பேறு அந்த இரண்டு ஆண்டுகளில் அவருக்கு வாய்த்தது.

கெண்டல் நகரில்

1781ஆம் ஆண்டில் அவர் கெண்டல் நகரத்துக்குச் சென்றார். அங்கு உறவினர் ஒருவர் நடத்திய குவேக்கர் பள்ளியில் அண்ணன் ஜோனதன் துணை ஆசிரியராக இருந்தார். தம்பியும் அதே பணியில் சேர்ந்தார். 1785இல் பள்ளியின் பொறுப்பு முழுவதும் சகோதரர் இருவர் கைக்கு வந்தது.

கெண்டலில் டால்டனுக்கு வாய்த்த பெரும் துணை ஜான் கஃப். சிறுவயதிலேயே கண்பார்வை இழந்தவர் அவர். எனினும் லத்தீனும் கிரேக்கமும் கணிதமும் இயற்கை அறிவியலும் தேர்ந்தவர். செடிகொடிகளைத் தொட்டும் முகர்ந்தும் சுவைத்தும் இனம் காணும் ஆற்றல் பெற்றிருந்தார். டால்டன் அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டினார். அவர் டால்டனுக்கு மொழிகளையும் கணிதத்தையும் கற்பித்தார். நாள்தோறும் வானிலையைக் குறித்துவைக்கும் பழக்கத்தையும் அவரே ஊக்குவித்தார். 1787ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் டால்டன் அந்தக் குறிப்பேட்டின் முதல் வரியை எழுதினார். அதன் பிறகு ஐம்பத்தேழு ஆண்டுகள் அந்தப் பதிவைத் தொடர்ந்தார். அதில் பதிவான அளவீடுகள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை.

மருத்துவமோ சட்டமோ படிக்க வேண்டும் என்னும் ஆசை ஒருகால் அவருக்கு எழுந்தது. ஊக்குவிப்பார் இல்லை. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இங்கிலாந்துத் திருச்சபைக்குப் புறம்பானவர்களுக்குப் பட்டம் அளிக்காத காலம் அது. அறிவுக்குக் குறைவில்லாத ஓர் இளைஞன் பிறந்த சமயத்தின் காரணமாகக் கல்விக்கூடத்தின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டான். பிறப்பைக் காட்டிக் கல்வியை மறுக்கும் கொடுமையை நன்கறிந்த நம் மண்ணில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மான்செஸ்டரும் ஓர் இலக்கண நூலும்

திருச்சபைக்குப் புறம்பானவர்கள் தம் பிள்ளைகளுக்கென்று தாமே கல்லூரிகள் நிறுவிக்கொண்டனர். மான்செஸ்டரில் இருந்த புதுக்கல்லூரி அத்தகையது. கஃபின் பரிந்துரையால் 1793இல் டால்டன் அங்குக் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியரானார். வேதியியலும் அவர் பொறுப்பில் வந்தது. பிரான்சு நாட்டு லவாசியே 1789இல் வெளியிட்ட வேதியியல் நூல் தனிமங்களின் பட்டியல் ஒன்றைத் தந்திருந்தது. இனிமேலும் பிரிக்க இயலாத பொருள் எதுவோ அதுவே தனிமம் என்று அவர் கூறி, முப்பத்து மூன்று பொருள்களைப் பட்டியலிட்டிருந்தார். வேதியியல் மாற்றத்தில் பொருளின் மொத்த எடை குறைவதுமில்லை, கூடுவதுமில்லை என்பதும் அவர் நிலைநாட்டிய உண்மை. அந்தப் புதிய வேதியியலையே டால்டன் தம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1794இல் பாரிசில் லவாசியேயின் தலை கொய்யப்பட்டது. அவர் தொடங்கியதை ஏந்திச் செல்லும் பணி வேறு கைகளுக்கு வந்தது.

அதே 1794இல் மான்செஸ்டர் இலக்கிய தத்துவக் கழகம் டால்டனை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அறிவியலையும் இலக்கியத்தையும் ஒரே கூரையின்கீழ் பேசிய கழகம் அது. 1800இல் அவர் அதன் செயலாளரானார், 1808இல் துணைத்தலைவரானார், 1817 முதல் இறக்கும்வரை தலைவராக விளங்கினார். கல்லூரி பொருள் முட்டுப்பாட்டில் தத்தளித்தபோது, 1800இல் ஆசிரியப் பதவியைத் துறந்தார். அன்று முதல் தனி மாணவர்களுக்கு மணிக் கணக்கில் பாடம் சொல்லி, அந்தக் கூலியில் வாழலானார். கழகம் ஜார்ஜ் தெருவிலிருந்த தன் கட்டடத்தில் அவருக்கு அறை அளித்தது. அங்குதான் பாடம்; அங்குதான் ஆய்வு. கருவிகளோ பெரும்பாலும் மலிவானவை.

கவிஞர்களும் மொழி ஆர்வலர்களும் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. அணுவைப் பற்றிய நூலுக்கு முன்னர் டால்டன் எழுதிய நூல்களுள் ஒன்று ஆங்கில இலக்கண நூல். பள்ளி மாணவர்களுக்கென்றே எழுதப்பட்டு 1801இல் வெளிவந்தது அது. இலக்கணம் கற்பிக்கும் புதிய முறை என்று அதன் தலைப்பு தன்னை அறிமுகம் செய்துகொண்டது. ஏழு ஆண்டுகள் கழித்து வந்த வேதியியல் நூலும் தன்னைப் புதிய முறை என்றே அழைத்துக்கொண்டது. இலக்கணம் எழுதியதால்தான் அணுக்கொள்கை பிறந்தது என்று கூறுவது மிகையாகும். ஆனால் இரண்டு நூல்களிலும் ஒரே ஆசிரியரின் மனம் வேலை செய்வதைக் காண முடிகிறது. சில எழுத்துகள் கூடி எண்ணற்ற சொற்கள் ஆகின்றன. சில தனிமங்கள் கூடி எண்ணற்ற பொருள்கள் ஆகின்றன. கூட்டத்தைப் பிரித்து உறுப்பைக் காட்டுவதும், உறுப்புகளைக் கூட்டி முழுமையைக் காட்டுவதும் இலக்கண ஆசிரியருக்கும் வேதியியல் ஆசிரியருக்கும் பொதுவான தொழில் அல்லவா?

நிறம் அறியாக் கண்

1794ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் கழகத்தில் டால்டன் படித்த முதற்கட்டுரை தம் கண்களைப் பற்றியது. ஜெரானியப் பூ ஒன்று பகலில் அவருக்கு வானத்து நீலமாகத் தோன்றியது. மெழுகுவத்தி ஒளியில் அதுவே முற்றிலும் மாறிச் சிவப்பாகத் தெரிந்தது. அந்தப் பூ பிறருக்கு இளஞ்சிவப்பு. தம் அண்ணனுக்கும் அவ்வாறே தோன்றுவதை அறிந்ததும், இது தம் கவனக்குறைவு அன்று, பிறவியிலேயே அமைந்தது என்று தெளிந்தார். நிறக்குருடு பற்றி முறையாக எழுதப்பட்ட தொடக்கக் கட்டுரைகளுள் அது ஒன்று. பல மொழிகளில் அக்குறைக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று.

கண்ணின் உள்நீர் நீலமாக இருப்பதாலேயே இவ்வாறு நேர்கிறது என்று அவர் கருதினார். தாம் இறந்த பின் கண்களை ஆராயவும் இசைவளித்தார். இறந்ததும் மருத்துவர் ஆராய்ந்தார்; உள்நீர் தெளிவாகவே இருந்தது. பாதுகாக்கப்பட்ட கண்ணின் மிச்சத்திலிருந்து 1995இல் மரபணுச் சோதனை நிகழ்த்தப்பட்டது. பச்சை ஒளிக்குரிய நிறமி அவர் கண்ணில் அமையவில்லை என்பது தெரியவந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அவர் கண்ணே அவர் கருத்தைத் திருத்தியது. கண்ணுக்குத் தெரிவதே முழு உண்மை அன்று என்பதைத் தம் உடம்பிலேயே உணர்ந்த ஒருவர், கண்ணுக்குத் தெரியாத அணுவை நாடிச் சென்றார்.

காற்றிலிருந்து அணுவுக்கு

டால்டனை அணுவிடம் அழைத்துச் சென்றது காற்று. காற்றில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் நீராவியும் கலந்திருக்கின்றன. அவற்றின் எடை வேறு வேறு. எனில் கனமானது அடியிலும் இலேசானது மேலுமாக அவை ஏன் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்பதில்லை? வானிலை ஏட்டை நாள்தோறும் எழுதிவந்தவர் மனத்தில் இந்த வினா விடாது உறுத்தியது. ஒவ்வொரு வாயுவும் பிற வாயுக்கள் இல்லாததுபோலவே தன் அழுத்தத்தைச் செலுத்துகிறது என்னும் விதியை 1801இல் அவர் வெளியிட்டார். பிறகு மற்றொரு வினா எழுந்தது. நீர் எல்லா வாயுக்களையும் ஒரே அளவில் கரைத்துக்கொள்வதில்லை. சிலவற்றை மிகுதியாகவும் சிலவற்றைக் குறைவாகவும் ஏற்கிறது. வாயுக்களின் நுண்துகள்களின் எடையும் எண்ணிக்கையுமே இதற்குக் காரணமாகலாம் என்று அவர் எண்ணினார். அப்படியானால் அத்துகள்களின் எடையை ஒப்பிட்டு அறிந்தாக வேண்டும்.

1803ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாளிட்ட குறிப்பேட்டுப் பக்கத்தில் அணு எடைகளின் முதற்பட்டியல் காணப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கழகத்தின் முன் படித்த கட்டுரையின் இறுதியில் அத்தகைய பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். 1805இல் அது அச்சேறியது. 1808இல் வெளிவந்த வேதியியல் நூலின் முதற்பகுதியில் அணுக்கொள்கை சில பக்கங்களிலேயே அடங்கிவிட்டது. அந்தச் சில பக்கங்கள் வேதியியலின் போக்கையே மாற்றின.

கொள்கை எளிமையானது. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய அணு உண்டு. ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் எடையில் ஒன்றுபோன்றவை. வேறு தனிமத்தின் அணுக்கள் எடையில் வேறானவை. தனிமங்கள் கூடிச் சேர்மம் ஆகும்போது முழு அணுக்களே கூடுகின்றன. பாதி அணு, கால் அணு என்பது இல்லை. வேதியியல் மாற்றம் எனப்படுவது அணுக்கள் புதிதாகத் தோன்றுவதோ அழிவதோ அன்று. அவை பிரிந்து வேறுவிதமாகக் கூடுவதே ஆகும்.

கண்ணால் காணாத அணுவுக்கு எடை கண்டது எவ்வாறு? மணவீட்டில் தாம்பூலப் பைகள் கட்டுகிறார்கள் என்று கொள்வோம். ஒவ்வொரு பையிலும் ஓர் எலுமிச்சை, ஒரு கொட்டைப்பாக்கு. மொத்த எலுமிச்சையின் எடை மொத்தப் பாக்கின் எடையைப்போல் ஏழு மடங்கு இருந்தால், பை எத்தனை என்று எண்ணாமலேயே, ஓர் எலுமிச்சை ஒரு பாக்கைவிட ஏழு மடங்கு கனமானது என்று சொல்லிவிடலாம். நீரைப் பிரித்தால் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு ஏழு பங்கு ஆக்சிஜன் எடையில் கிடைப்பதாக டால்டன் கொண்டார். ஆகவே ஹைட்ரஜன் அணுவின் எடை 1 என்றால் ஆக்சிஜன் அணுவின் எடை 7. இவ்வாறே நைட்ரஜனுக்கு 5, கரிக்கு 5, பாஸ்பரசுக்கு 9, கந்தகத்துக்கு 13 என்று 1808ஆம் ஆண்டு நூல் எண்களைத் தந்தது.

கொள்கைக்கு வலிமையான சான்று வேறோர் இடத்திலிருந்து வந்தது. கரியும் ஆக்சிஜனும் கூடி இரண்டு வாயுக்கள் ஆகின்றன. ஒன்றில் 5 பங்கு கரிக்கு 7 பங்கு ஆக்சிஜன். மற்றொன்றில் அதே 5 பங்கு கரிக்கு 14 பங்கு. ஒன்பதோ பத்தரையோ அன்று. சரியாக இரு மடங்கு. மான்செஸ்டரைச் சூழ்ந்த குட்டைகளின் சேற்றைக் கிளறிச் சேகரித்த சதுப்பு வாயுவிலும் இத்தகைய ஒழுங்கை அவர் கண்டார். கரியும் ஹைட்ரஜனும் கூடிய வேறொரு வாயுவோடு ஒப்பிட்டபோது, ஒரே அளவு கரிக்குச் சதுப்பு வாயுவில் ஹைட்ரஜன் இரு மடங்கு இருந்தது. பொருள்கள் எந்த அளவிலும் பகுபடுபவை என்றால் இந்த முழு எண்கள் ஏன் வரவேண்டும்? துண்டுபடாத அணுக்கள் ஒன்றாகவும் இரண்டாகவும் கூடுகின்றன என்றால் மட்டுமே கணக்கு நேராகிறது.

வட்டங்களும் மரப்பந்துகளும்

டால்டன் தம் அணுக்களை எழுத்தால் மட்டும் விளக்கி நிறுத்தவில்லை, வரைந்து காட்டினார். ஆக்சிஜனுக்கு வெறும் வட்டம். ஹைட்ரஜனுக்கு நடுவில் புள்ளியிட்ட வட்டம். நைட்ரஜனுக்குக் குத்துக்கோடு இட்ட வட்டம். கரிக்கு முழுதும் கறுப்பாக்கிய வட்டம். கந்தகத்துக்குக் கூட்டல் குறி இட்ட வட்டம். இரும்பு, துத்தநாகம், செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களுக்கு வட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்து. 1808ஆம் ஆண்டு நூலின் படத்தில் இவ்வாறு இருபது தனிமங்களும், அவற்றின் கூட்டுகளும் சேர்ந்து முப்பத்தேழு உருவங்கள் உள்ளன. புள்ளி வட்டமும் வெறும் வட்டமும் ஒட்டி நின்றால் நீர். கறுப்பு வட்டத்தின் இருபுறமும் வெறும் வட்டங்கள் நின்றால் கரியமில வாயு.

பழைய இரசவாதிகளும் குறியீடுகள் வைத்திருந்தனர். அவை மறைக்கவேண்டி எழுதப்பட்டவை. டால்டனின் வட்டங்கள் விளங்கவேண்டி எழுதப்பட்டவை. ஒரு வட்டம் ஓர் அணு. வட்டத்தை எண்ணினால் அணுவை எண்ணியதாகும். எண்களைக் கூட்டினால் சேர்மத்தின் எடை கிடைக்கும். கூட்டல் அறிந்த சிறுவனும் வேதியியலுக்குள் நுழைந்துவிடலாம். விரிவுரைகளுக்கென்று பெரிய படத்தாள்களையும் அவர் தயாரித்துக்கொண்டார். 1810ஆம் ஆண்டளவில் அவர் நண்பராகிய பொறியாளர் பீட்டர் எவார்ட் மரத்தால் சிறு பந்துகளைக் கடைந்து தந்தார். துளையிட்ட அந்தப் பந்துகளை ஊசிகளால் இணைத்து டால்டன் தம் மாணவர்களுக்குச் சேர்மங்களைக் காட்டினார். அணுவைக் கையில் எடுத்து, கூட்டி, பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு அந்தச் சிறுவர்களுக்குக் கிடைத்தது. இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் காணும் பந்து மாதிரிகளுக்கு அவையே முன்னோடிகள்.

எளிமையின் பிழை

எளிமையே டால்டனின் வலிமை. எளிமையே அவர் சறுக்கிய இடமும் ஆகும். தாம்பூலப் பையில் எலுமிச்சை ஒன்று, பாக்கு ஒன்று என்று எவ்வாறு தெரியும்? பையைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை. பாக்கு இரண்டு இருந்தால் எலுமிச்சையின் எடை ஏழு மடங்கு அன்று, பதினான்கு மடங்கு ஆகிவிடும். இரண்டு தனிமங்கள் கூடி ஒரே ஒரு சேர்மம் அறியப்பட்டிருந்தால், அதில் அணுக்கள் ஒன்றுக்கு ஒன்றாகவே இருக்கும் என்பது டால்டன் வகுத்துக்கொண்ட விதி. வேறு காரணம் இல்லாதபோது எளியதே உண்மை என்று அவர் நம்பினார். ஆகவே அவருடைய நீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று. இன்று நாம் அறிந்த நீரில் ஹைட்ரஜன் இரண்டு. அவர் தனிமம் என்று கொண்ட இருபதில் சுண்ணாம்பு, மக்னீசியா முதலிய ஆறு பின்னர்ச் சேர்மங்கள் என்று தெரிந்தன.

பிழை நேர்வது இயல்பு. திருத்த வந்த கையைத் தட்டிவிட்டதே வருத்தத்துக்குரியது. பிரான்சு நாட்டுக் கே-லுசாக், வாயுக்கள் கன அளவில் எளிய முழு எண்களில் கூடுகின்றன என்பதை 1808ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் கூடி இரண்டு பங்கு நீராவி ஆகின்றன. டால்டனின் கொள்கைக்கு அது பெரும் துணையாகியிருக்கும். அவரோ, அதை ஏற்றால் ஆக்சிஜன் அணுவை இரண்டாகப் பிளக்க நேரும் என்று கண்டு, கே-லுசாக்கின் அளவீடுகளையே ஐயுற்றார். ஆக்சிஜன் வாயுவின் துகள் ஓர் அணு அன்று, இரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறு என்னும் விடையை இத்தாலி நாட்டு அவகாட்ரோ 1811இல் தந்தார். ஒரே தனிமத்தின் அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று நம்பிய டால்டனுக்கு அந்த விடை பயன்படவில்லை.

சுவீடன் நாட்டு பெர்சீலியஸ் 1813-14ஆம் ஆண்டுகளில் வட்டங்களை விடுத்து, தனிமப் பெயரின் எழுத்துகளையே குறியீடாக்கினார். அச்சிட எளிது, எழுத எளிது. உலகம் அதையே ஏற்றது. டால்டன் இறுதிவரை அதை வெறுத்தார். எழுத்தைப் பார்த்தால் அணு எப்படி நிற்கிறது என்று தெரியாது என்பது அவர் குறை. அந்தக் குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் உலோகங்களுக்கு வட்டத்துக்குள் எழுத்தை முதலில் இட்டவரும் அவரே அல்லவா? 1840இல் அவர் அனுப்பிய கட்டுரை ஒன்றை இலண்டன் அரசுக் கழகம் வெளியிட மறுத்தது. முதியவர் அதைத் தம் செலவில் அச்சிட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் கற்பித்தவர் ஒரு கட்டத்தில் கற்பதை நிறுத்திக்கொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆசிரியர்க்கும் புலவர்க்கும் பொதுவாக நேரக்கூடிய இடர் இது.

புகழ் வந்த பின்னும்

டால்டன் மணம் செய்துகொள்ளவில்லை. ஜான்ஸ் என்னும் சமய குரு ஒருவரின் இல்லத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கியிருந்தார். வியாழக்கிழமை பிற்பகலில் புல்தரையில் பந்து உருட்டும் விளையாட்டு. கோடையில் பிறந்த மண்ணின் மலைகளுக்குச் சென்று காற்றழுத்தமானியுடன் ஏறுதல். இவையே அவர் கண்ட இன்பங்கள். புகழ் தானாக வந்தது. 1822இல் அரசுக் கழகத்தின் உறுப்பினரானார். 1826இல் அரசப் பதக்கம் பெற்றார். 1830இல் பாரிசின் அறிவியல் பேரவை அவரை அயல்நாட்டு உறுப்பினராக ஏற்றது. 1833இல் அரசு ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகை அளித்தது. 1836இல் அது இரட்டிப்பாயிற்று.

1832இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. அவர் இளைஞராக இருந்தபோது சமயத்தைக் காட்டிப் பட்டம் மறுத்த அதே ஆக்ஸ்போர்டு. 1834இல் மன்னர் நான்காம் வில்லியம் முன்னிலையில் தோன்ற வேண்டி வந்தது. அரசவை உடைக்கு வாள் வேண்டும். குவேக்கர் வாள் ஏந்தலாகாது. ஆக்ஸ்போர்டின் பட்டமேலங்கியை அணியலாம் என்றால், அது கருஞ்சிவப்பு. குவேக்கர்க்கு விலக்கப்பட்ட நிறம். டால்டன் கண்ணுக்கோ அது மங்கிய மண்ணிறம். ஆகவே மனம் கூசாமல் அதை அணிந்து மன்னரைக் கண்டார். இளமையில் ஆராய்ந்த குறை முதுமையில் அவருக்குக் கைகொடுத்தது.

இத்தனைக்கும் பின்னர் அவர் பாடம் சொல்வதை விடவில்லை. பிரான்சிலிருந்து அறிஞர் ஒருவர் அவரைத் தேடி மான்செஸ்டருக்கு வந்த கதை பலரும் சொல்வது. பெரும் மண்டபத்தையும் மாணவர் திரளையும் எதிர்பார்த்து வந்தவர், சந்து ஒன்றின் சிறிய அறையில், சிலேட்டுடன் நின்ற ஒரு சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த முதியவரைக் கண்டார். பையனின் கணக்கு நேராகும்வரை சற்று அமருமாறு முதியவர் விருந்தினரைக் கேட்டுக்கொண்டாராம். 1834 முதல் அவரிடம் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஜூல். வேதியியலைத் தொடும் முன் கணக்கும் வடிவியலும் உறுதிப்பட வேண்டும் என்பது ஆசிரியரின் பிடிவாதம். 1837இல் டால்டனை வாதம் தாக்கியதால் பாடம் நின்றது. வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்பதைப் பின்னாளில் துல்லியமாக அளந்து காட்டியவர் அந்த மாணவரே.

இறுதி வரி

1844ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், நடுங்கும் கையால், டால்டன் தம் வானிலை ஏட்டில் அன்று பெய்த சிறுமழையைக் குறித்துவைத்தார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. மான்செஸ்டர் நகர மன்றத்தில் வைக்கப்பட்ட அவர் உடலுக்கு நாற்பதாயிரம் பேர் இறுதி வணக்கம் செலுத்தினர். எளிமையைப் போற்றிய குவேக்கருக்கு அரசர்க்குரிய ஊர்வலம் நடந்தது. இரண்டாம் உலகப் போரில், 1940ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், மான்செஸ்டர்மீது விழுந்த குண்டுகளில் கழகக் கட்டடம் எரிந்தது. அவருடைய கையெழுத்துத் தாள்களின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அணு அழியாது என்று கற்பித்தவர் எழுதிய எழுத்து அழிந்தது.

அவர் விட்டுச்சென்ற குறை எவ்வாறு தீர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெனோவா நகரில் மாணவர்களுக்குப் பாடம் நடத்திய கனிசாரோ, அவகாட்ரோவின் மறக்கப்பட்ட கருத்தைக் கொண்டு அணு எடைகளைச் சீர்செய்து, 1858இல் தம் பாடத்திட்டத்தின் சுருக்கமாக வெளியிட்டார். 1860இல் கார்ல்ஸ்ரூவே நகரில் கூடிய வேதியியல் மாநாட்டில் அந்தச் சிறுநூல் வழங்கப்பட்டது. அந்த மாநாட்டுக்கு வந்திருந்த உருசிய இளைஞர் மெண்டலீவ், பின்னாளில் தம் மாணவர்களுக்கென்று ஒரு பாடநூலை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் 1869இல் தனிம வரிசை அட்டவணையைக் கண்டார். பள்ளி ஆசிரியர் ஒருவர் தொடங்கிய வேலையை, மாணவர்க்குப் பாடம் எழுத அமர்ந்த இருவர் திருத்தி நிறைவாக்கினர்.

அணு பிளக்கப்படாதது என்னும் கூற்று இன்று நிற்கவில்லை. ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையின என்பதும் நிற்கவில்லை. டால்டன் தந்த எண்களுள் ஹைட்ரஜனின் ஒன்றைத் தவிர ஏறக்குறைய யாவும் மாறிவிட்டன. ஆயினும் அணுக்களையும் மூலக்கூறுகளையும் எடையிடும் அலகுக்கு அறிவியல் உலகம் டால்டன் என்றே பெயரிட்டு வழங்குகிறது. ஓர் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வட்டத்தை வரைந்து அதை ஒட்டி மற்றொரு வட்டத்தை வரையும்போதெல்லாம், கணக்குத் தவறிய சிறுவனுக்காக விருந்தினரைக் காத்திருக்கச் செய்த அந்த முதியவரின் பாடம் தொடர்கிறது.